தம்பியின் எடைச்சீட்டு

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். போன ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணினப்போ மருமக அதைக் கொண்டாந்து என் காதுல வெச்சு அமுக்கினா. எனக்குக் கேட்டதெல்லாம் தகரத்துல மழை பெய்யுற சத்தம்தான். நானும் "ஆமா, ஆமா"ன்னு சொல்லி வெச்சேன். எதுக்கெல்லாம் ஆமா போட்டேன்னு எனக்கே தெரியல. இனிமே போன் வேண்டாம்டா. எழுது. உனக்குக் கதை அளக்கத் தெரியும், எனக்குக் கண்ணு இன்னும் நல்லா இருக்கு.

விஷயத்துக்கு வர்றேன். முட்டி டாக்டரைப் பார்த்தேன். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல இஸ்திரி மேசை முன்னால நின்ன முட்டி, ரெண்டும் தேஞ்சு போச்சாம். மாத்தித்தான் ஆகணுமாம். "ஆனா இந்த எடையோட கத்தி வைக்க மாட்டேன். எண்பத்திரெண்டு கிலோ இருக்கீங்க, எழுபத்தஞ்சுக்கு வாங்க"ன்னுட்டார். "என்னம்மா சாப்பிடுறீங்க"ன்னு கேட்டார். பக்கத்துல மருமக உட்கார்ந்திருந்தா. நான் பாதிதான் சொன்னேன். அவ தரையைப் பார்த்துச் சிரிச்சா. எனக்கு முகத்தை எங்க கொண்டு வெக்கிறதுன்னு தெரியல.

இப்ப உன் கதை. அப்பா அறுபத்து நாலுல போனார், சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்துல. உனக்கு மூத்தவன் அறுபத்து நாலுல போனான், நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறப்போ. ரெண்டு பேரும் உன்னை மாதிரியே உடம்பு. வர்ற டிசம்பர்ல உனக்கு அறுபத்து நாலு. உன் பொண்டாட்டி போனப்புறம் ராத்திரிக்கு என்ன சாப்பிடுறேன்னு கேட்டா பேச்சை மாத்துறே.

அதனால ஒரு ஒப்பந்தம். ஊர் சரக்குக்கெல்லாம் எடை போடுறவன் நீ. ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி உன் கிடங்குத் தராசுல நீயே ஏறு. மூட்டைக்கு எழுதுற அதே எடைச்சீட்டை எழுதி, கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பு. நானும் என் எடையை எழுதுறேன். வாயால கேட்டா அளந்து விடுவே. சீட்டுல நீ பொய் எழுத மாட்டே, அது எனக்குத் தெரியும்.

உன் அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கிறது. சுகம்னு எழுதினா நீ நம்ப மாட்டே, அதனால இருக்கேன்னு எழுதுறேன்.

சீட்டு உள்ள இருக்கு. அதை முதல்ல பார்க்காதே. எப்படி ஏறினேன்னு படிச்சுட்டு அப்புறம் பாரு.

எங்க தராசு கிடங்கு வாசல்லயே இருக்கு. உருளைக்கிழங்கோ வெங்காயமோ சிமெண்டோ, எது வந்தாலும் அதுல ஏறி இறங்கித்தான் உள்ள போகும். மனுஷன் அதுமேல கால் வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவனே நான்தான். ஒரு பக்கமா மிதிச்சா முள்ளு முறுக்கிக்கும். முப்பத்தெட்டு வருஷமா நானும் மிதிச்சதில்ல. மூட்டை தூக்குறவங்க மத்தியானம் சாப்பிடப் போனதும் ஏறிடலாம்னு காத்திருந்தேன். அன்னைக்குன்னு பார்த்து மழை. ஒருத்தனும் நகரல, வாசல்லயே குந்திக்கிட்டு இருந்தானுங்க.

சரின்னு செருப்பைக் கழட்டினேன். அப்புறம் பெல்ட்டு. அப்புறம் சாவிக்கொத்து. சாவிக்கொத்தைத் தனியா எடை போட்டேன், நானூறு கிராம். இத்தனை வருஷம் இடுப்புல நானூறு கிராமைத் தொங்க விட்டுக்கிட்டு நடந்திருக்கேன்னு நினைச்சப்போ கொஞ்சம் ஆறுதலாக்கூட இருந்தது. பல்செட்டைக் கழட்டலாமான்னு யோசிச்சேன். வேண்டாம்னு விட்டுட்டேன்.

நெட்டையன்னு ஒருத்தன் இருக்கான், ஒரே தோள்ல ரெண்டு மூட்டை தூக்குறவன். அவன் கேட்டான், "என்ன எடைக்காரரே, இன்னைக்கு நீங்கதான் சரக்கா? எந்த அடுக்குல போடணும்?"

மேஸ்திரி அதுக்கு, "கீழ் அடுக்குல போடுறா. மேல போட்டா அடியில இருக்கிறது நசுங்கிடும்"னார்.

எல்லாரும் சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன். சிரிக்கச் சிரிக்க முள்ளு ஆடுது அக்கா, நிக்கவே மாட்டேங்குது. அது நிக்கிற வரைக்கும் நான் சிரிக்காம நிக்க வேண்டியதாப் போச்சு. அத்தனை பேர் முன்னாடி அசையாம நின்னா அது எவ்வளவு நேரம்னு இப்பத்தான் தெரியுது. மூட்டைங்க எப்படித்தான் பொறுத்துக்குதோ.

தொண்ணூத்தெட்டு.

காது ரெண்டும் சுட்டுது. சீட்டுல 'சரக்கு'ன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல என்ன எழுதுறதுன்னு தெரியாம 'தம்பி'ன்னு எழுதிட்டேன். இப்ப நீ பார்க்கலாம்.

நடக்குறதுக்குன்னு ஒரு ஜோடி ஷூ வாங்கியிருக்கேன். வெள்ளை. கீச்சு கீச்சுன்னு கத்துது. நான் வர்றதுக்கு முன்னாடியே அது வந்துடுது. நாளையிலேருந்து கிடங்கைச் சுத்தி நடப்பேன்.

உன் தம்பி


ஏப்ரல் 12

அன்புத் தம்பிக்கு,

சீட்டு வந்தது. முதல்லயே பார்த்துட்டேன். அப்புறம்தான் படிச்சேன்.

தொண்ணூத்தெட்டுன்னு பார்த்ததும் சீட்டைக் கவுத்து வெச்சுட்டுத் தண்ணி குடிக்கப் போனேன். ஆனா உள்ளதை எழுதினே பாரு, அந்த மட்டுக்கும் நிம்மதி. உள்ளது தெரிஞ்சாத்தானே குறைக்க முடியும்.

நான் எண்பத்தொண்ணரை. அரைக் கிலோ. சிரிக்காதே. காலையில ஆறு மணிக்கு நானும் தபால்காரம்மாவும் டீச்சரம்மாவும் சேர்ந்து பூங்காவைச் சுத்துறோம். ரெண்டு பேரும் வேலையிலேருந்து ஓய்வு வாங்கினவங்க. தபால்காரம்மா நாப்பது வருஷம் வீடு வீடா நடந்தவ, அவளுக்கு இது நடையே இல்ல. டீச்சரம்மா சாக்பீஸ் பிடிச்ச விரல்லயே கணு கணுவாச் சுத்தை எண்ணிக்கிட்டே நடப்பா. நான் பின்னாடி. நொண்டி மாடு மாதிரி. ஒரு சுத்துக்கு மேல முடியல. அவங்க பெஞ்சுல உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பாங்க. அதுதான் ரொம்ப சங்கடம்.

உன் சீட்டை அவங்ககிட்டப் படிச்சுக் காட்டினேன். கோவிச்சுக்காதே. "என் தம்பி தராசு பிடிக்கிறவன், அவன் எழுத்துல ஒரு கிராம் தப்பு வராது. அடுத்த மாசம் ரெண்டு கிலோ குறைச்சுக் காட்டுறான் பாருங்க"ன்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் தோணுச்சு, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு. சொன்னது சொன்னதுதான். மானத்தைக் காப்பாத்து.

உன் அக்கா


மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கிறது. மருமகளுக்கும் மகனுக்கும் என் விசாரிப்பு.

சீட்டு உள்ள இருக்கு. தொண்ணூத்தாறு. இந்தத் தடவை எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறம் ஏறினேன். பக்கத்துல யாரும் இல்ல. நானே ஏறி, நானே பார்த்து, நானே எழுதினேன்.

கிடங்குல ஒரு பூனை இருக்கு, அதைப் பத்தி உனக்குச் சொன்னேனா? எலி பிடிக்கத்தான் வெச்சது. ஆனா எங்க ஆளுங்க ஆளுக்கொரு கை சோறு போட்டு, அது இப்ப தலையணை மாதிரி ஆகிடுச்சு. எலி முன்னாடி போனா கண்ணை மட்டும் திருப்புது. மேஸ்திரி அதைத் தூக்கித் தராசுல வெச்சார், ஆறரைக் கிலோ. "இதுக்கும் உங்களுக்கும் ஒரே வைத்தியம்தான் எடைக்காரரே"ன்னார். அதுக்கு என்ன வைத்தியம்னு நான் கேட்கல. டிவியில ஒருத்தர் காலையில உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார், நீ பார்த்திருப்பே. மூச்சை இழுங்க, கையைத் தூக்குங்க, சிரிச்ச முகமா இருங்கங்கிறார். கையைத் தூக்கிட்டேன், மூச்சையும் இழுத்துட்டேன். மூணாவதுதான் வரல.

உன் அரைக் கிலோ நல்ல அரைக் கிலோ. அதை அப்படியே பார்த்துக்க.

தோழிங்களை நான் கேட்டதாச் சொல்லு.

உன் தம்பி


மே 11

அன்புத் தம்பிக்கு,

தொண்ணூத்தாறு. நான் சொன்ன அதே ரெண்டு கிலோ. டீச்சரம்மா சீட்டை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா, பரீட்சைத் தாள் பார்க்கிற மாதிரி. "உங்க தம்பிக்கு மன உறுதி இருக்கு"ன்னா. எனக்குப் பெருமை தாங்கல.

வீட்டுக்கு வந்தப்புறம் வேற மாதிரி இருந்தது. நான் எண்பத்தொண்ணு. ரெண்டு மாசத்துல ஒரு கிலோ. கட்டுப்பாடாத்தான் இருக்கேன். மத்தியானம் பாதிச் சோறு, ராத்திரி ரெண்டு ரொட்டி, இனிப்பைத் தொடுறதே இல்ல. நீ ஆம்பளை, தனியா இருக்கே, பார்த்துச் செய்ய ஆள் இல்ல. நீயே ரெண்டு கிலோ குறைக்கிறே. எனக்குச் சமைச்சுக் கொடுக்க மருமக இருந்தும் இப்படி ஊர்ந்துக்கிட்டு இருக்கேன். ஆபரேஷனுக்கு மகன் ஆகஸ்ட் மாசம் லீவு சொல்லி வெச்சிருக்கான். அதுக்குள்ள எழுபத்தஞ்சு வரணும். வராதுபோல இருக்கு. அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருக்கு.

நீ என்ன பண்றேன்னு ஒண்ணு விடாம எழுது. கதை வேண்டாம். முறையை மட்டும் எழுது.

உன் அக்கா


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கிறது. தொண்ணூத்துமூணு. சீட்டு உள்ள இருக்கு.

முறை கேட்டிருந்தே. அதுல பெருசா ஒண்ணும் இல்ல. காலையில எழுந்ததும் ரெண்டு டம்ளர் சுடுதண்ணி. அப்புறம் கிடங்கைச் சுத்தி நாப்பது சுத்து. கிடங்கு நீளம் உனக்குத் தெரியாது, ரெண்டு லாரி முன்னும் பின்னும் நிக்கிற நீளம். மத்தியானம் எப்பவும் சாப்பிடுறதுல பாதி. ராத்திரிதான் முக்கியம். ராத்திரி சோறு கிடையாது, ரொட்டி கிடையாது. ரெண்டு வெள்ளரிக்காய். உப்புகூடத் தொடுறதில்ல. முதல் நாலு நாள் தலை சுத்தும், அப்புறம் பழகிடும். எனக்கு வெள்ளரிக்காய் விக்கிறவ ஒருத்தி இருக்கா, கிடங்குக்கு எதிர்ல. நான் வர்றதைப் பார்த்தாலே ரெண்டு எடுத்துத் துடைச்சு வெச்சுடுவா. அவ வீட்டுக்காரன் முன்னாடி சர்க்கஸ்ல வேலை பார்த்தவனாம், யானைக்கு வெள்ளரிக்காய் போட்டே பழக்கமாம். யானை அதைத் தின்னும் இளைக்கலையேன்னு கேட்டேன். "அது நடக்காம நின்னுக்கிட்டே தின்னுச்சு"ன்னா.

கதை வேண்டாம்னே, மறந்துட்டேன்.

இதெல்லாம் ஒவ்வொரு உடம்புக்கு ஒவ்வொரு மாதிரி. உனக்கு உன் டாக்டர் சொன்னது போதும்.

உன் தம்பி


ஜூன் 27

அன்புத் தம்பிக்கு,

எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இடது கையால எழுதுறேன். மருமக எழுதித் தர்றேன்னா, வேண்டாம்னுட்டேன். இதை அவளை வெச்சு எழுத முடியாது.

விழுந்துட்டேன். வலது மணிக்கட்டு உடைஞ்சு போச்சு. கட்டுப் போட்டிருக்கு. உசுருக்கு ஒண்ணும் இல்ல.

உன் முறையைத்தான் பண்ணினேன். உன் கடிதம் வந்த அன்னைக்கே ஆரம்பிச்சேன். சுடுதண்ணி, மத்தியானம் பாதி, ராத்திரி ரெண்டு வெள்ளரிக்காய். மருமககிட்ட டீச்சரம்மா வீட்டுல சாப்பிட்டேன்னு சொல்லிட்டுப் படுத்துடுவேன். நாலு நாள் தலை சுத்தும்னு எழுதியிருந்தே. சுத்திச்சு. பழகிடும்னு பொறுத்துக்கிட்டேன். பதினஞ்சு நாள்ல எழுபத்தெட்டரைக்கு வந்துட்டேன் தெரியுமா? ஒருத்தர்கிட்டயும் சொல்லல, எழுபத்தஞ்சு வந்தப்புறம் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டணும்னு இருந்தேன்.

போன வாரம் புதன்கிழமை காலையில பல் விளக்கப் போனேன். அவ்வளவுதான் ஞாபகம். மகன்தான் தூக்கினானாம். டாக்டர் என்னைத் திட்டின திட்டு அந்த வார்டு முழுக்கக் கேட்டுது. எனக்கே கேட்டுதுன்னா பாரு. "சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கிட்டு ராத்திரி பட்டினி கிடந்தா சர்க்கரை அடியோட இறங்கிடாதா? யார் உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"ன்னார். புஸ்தகத்துல படிச்சேன்னு சொல்லிட்டேன். உன் பேரைச் சொல்லல. ஆபரேஷன் இப்ப இல்ல, அடுத்த வருஷம் பார்க்கலாம்னுட்டார். மகன் எழுந்து வெளிய போனான்.

அறுபத்தெட்டு வயசுல சின்னப் புள்ளை மாதிரி சாப்பிடாமலே சாப்பிட்டேன்னு பொய் சொல்லி மாட்டிக்கிட்டேன். வீட்டுல எல்லாரும் என்கிட்ட மெதுவாப் பேசுறாங்க. அதைவிட அடிச்சிருக்கலாம்.

உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். நீ பண்ணி உனக்கு நல்லா இருக்கு. நான் பண்ணினா ஏன் இப்படி ஆச்சு? எதை நான் தப்பாப் பண்ணினேன்? யோசிச்சு எழுது.

உன் அக்கா


ஜூலை 4

அக்காவுக்கு,

'அன்புள்ள'ன்னு எழுதிட்டு அடிச்சேன். முழுசாப் படிச்சுட்டு வேணும்னா நீயே போட்டுக்க.

கிடங்குப் பூனை குட்டி போட்டிருக்கு. நாலு. அது குண்டு இல்லையாம், வயித்துல குட்டியாம். மேஸ்திரி அதைப் பார்த்துட்டு...

பாத்தியா. பூனைக்குப் போயிட்டேன். இது மூணாவது தாள் அக்கா. முதல் தாள்ல மழையைப் பத்தி எழுதினேன். ரெண்டாவது தாள் முழுக்க நெட்டையன் பொண்ணு பார்க்கப் போன கதை. கிழிச்சுப் போட்டேன். சொல்ல வேண்டியது நாலு வரிதான். அதுக்கு எதிர்ல எதையாவது கொண்டாந்து நிறுத்திக்கிட்டே இருக்கேன்.

நீ ஒரு தப்பும் பண்ணல. நான் எழுதினதை எழுதினபடி பண்ணினே. அப்படி ஒரு முறையே கிடையாது. நான் வெள்ளரிக்காய் தின்னல. வெள்ளரிக்காய் விக்கிறவளும் இல்ல, சர்க்கஸ்காரனும் இல்ல. நாப்பது சுத்து நடக்கல. ஷூவை ரெண்டு நாள் போட்டேன், அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க, கழட்டி மேசைக்கு அடியில வெச்சுட்டேன்.

தொண்ணூத்தெட்டு உண்மை. மே மாசம் எல்லாரும் போனப்புறம் ஏறினேன்னு எழுதினேனே, ஏறினது உண்மை. முள்ளு தொண்ணூத்தொம்போதுல நின்னுச்சு. நீ தோழிங்ககிட்ட ரெண்டு கிலோன்னு சொல்லிட்டே. மானத்தைக் காப்பாத்துன்னு எழுதிட்டே. உன்மேல பழி போடல அக்கா. பேனா என் கையில இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்துல லட்சம் சீட்டு எழுதியிருப்பேன். வியாபாரிங்க கெஞ்சியிருக்காங்க, மிரட்டியிருக்காங்க, ஒரு சீட்டு மாத்தினதில்ல. என் உடம்புக்கு மாத்தினேன். எழுதி முடிச்சு, மை காயட்டும்னு ஊதினேன். கை நடுங்கல. அதுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்கு உறுத்துது.

அடுத்த மாசம் தொண்ணூத்துமூணுன்னு எழுதினப்போ நூறு இருந்தேன். இன்னைக்கு நூத்தியொண்ணு. சீட்டு உள்ள இருக்கு.

ராத்திரிக்கு என்ன சாப்பிடுறேன்னு கேட்டுக்கிட்டே இருப்பே. கிடங்குத் திருப்பத்துல ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு. என் பொண்டாட்டிக்கு உடம்பு முடியாமப் போனதுலேருந்து அங்கதான் வாங்குறது. ரெண்டு பொட்டலம். ஒண்ணு எனக்கு, ஒண்ணு காரம் கம்மியா அவளுக்கு. அவ போன பத்தாவது நாள் அந்தக் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததுமே கடைக்காரர் ரெண்டு கட்டிட்டார். "வீட்டுல அக்கா எப்படி இருக்காங்க, இப்ப தேவலையா?"ன்னார். பின்னாடி ஆளுங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க. என்னால அங்க நின்னு அதைச் சொல்ல முடியல. "தேவலை"ன்னு சொல்லிட்டு வாங்கிக்கிட்டு வந்துட்டேன். மறுநாளும் ரெண்டு கட்டினார். மறுநாள் போய் எப்படி மாத்திச் சொல்றது? மூணு வருஷம் ஓடிப் போச்சு. இன்னைக்கும் ரெண்டு பொட்டலம்தான். இன்னைக்கும் ஒண்ணுல காரம் கம்மி. கேட்டா, நடமாடுறாங்கன்னு சொல்லுவேன். போன வருஷம் ஒருநாள், மாடியேறி இறங்குறாங்கன்னுகூடச் சொன்னேன்.

முதல்ல என்னோடதைத் தின்பேன். அப்புறம் அவளோடது முன்னாடி உட்கார்ந்திருப்பேன். கொட்ட மனசு வராது. தின்னுடுவேன். இதான் என் முறை.

மன்னிச்சுடுன்னு எழுதக் கை வரல. இடது கையால நீ எழுதின கடிதத்தைச் சட்டைப் பையில வெச்சிருக்கேன். எதை நான் தப்பாப் பண்ணினேன்னு கேட்டிருக்கியே, அந்த வரியை மட்டும் என்னால ரெண்டாவது தடவை படிக்க முடியல.

உன் தம்பி


ஜூலை 16

தம்பிக்கு,

கடிதம் வந்தது. படிச்சேன்.

எனக்குக் கோபம் நிறைய இருக்கு. இடது கையால அவ்வளவும் எழுத முடியாது. அதனால கொஞ்சம்தான் எழுதுறேன்.

தபால்காரம்மாவும் டீச்சரம்மாவும் என்னைப் பார்க்க வந்தாங்க. பழம் கொண்டு வந்தாங்க. "தம்பி இந்த மாசம் எவ்வளவு?"ன்னு கேட்டாங்க. உன் நூத்தியொண்ணு என் தலையணைக்கு அடியில இருந்தது. "தபால் இன்னும் வரல"ன்னேன். தபால்காரம்மாகிட்டயே அதைச் சொன்னேன். அவ ஒரு மாதிரிப் பார்த்தா. அவளுக்குத் தெரியாத தபாலா.

நீ பொய்யை எழுதினே. நான் அதைத் தெருவெல்லாம் படிச்சுக் காட்டினேன். இப்ப நான் அவங்க முன்னாடி எப்படிப் போய் நிக்கிறது? கட்டு கையிலதான், கால்ல இல்ல, ஆனாலும் நடக்கப் போகல. மருமககிட்ட முட்டி வலின்னு சொல்லியிருக்கேன்.

உன் பொண்டாட்டி விஷயம் படிச்சேன். அதைப் பத்தி இப்ப எழுத மாட்டேன்.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே. சீட்டும் வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 1

அக்காவுக்கு,

எழுதாதேன்னு சொல்லியிருக்கே. இது ஒண்ணைப் படிச்சுடு. இதுக்குப் பதில் போட வேண்டாம்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். போன வாரமே மூணு தடவை போய், வரிசையில நின்னு, என் முறை வந்ததும் ரெண்டு பொட்டலத்தை வாங்கிக்கிட்டுத் திரும்பி வந்தேன். நாலாவது தடவை, அவர் கட்ட ஆரம்பிக்கும்போதே சொன்னேன். "ஒண்ணு போதும். அவ இல்ல. இறந்துட்டா."

கை அப்படியே நின்னுடுச்சு அவருக்கு. "ஐயோ, எப்ப?"ன்னார்.

"மூணு வருஷம் ஆச்சு."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம், "அப்ப காரம் கம்மியாக் கட்டினது?"ன்னார்.

"நான்தான் தின்னேன்."

பின்னாடி ஆறேழு பேர் இருந்தாங்க. ஒருத்தரும் அவசரப்படுத்தல. அவர் ரெண்டாவது பொட்டலத்தைப் பிரிச்சு ஓரமா வெச்சார். ஒரு பொட்டலத்தை மட்டும் நீட்டினார். வாங்கிக்கிட்டு நடந்தேன். கை ரொம்ப லேசா இருந்தது, எங்கேயோ எதையோ வெச்சுட்டு வந்த மாதிரி ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

எங்க ஊர் டாக்டரையும் பார்த்தேன். மாசத்துக்கு ஒரு கிலோ குறைஞ்சா போதும்னார், ரெண்டு குறைஞ்சா அவருக்கே சந்தேகம் வருமாம். ஷூவை எடுத்து மாட்டியிருக்கேன். நாலு சுத்து நடக்கிறேன் அக்கா. நாப்பது இல்ல, நாலு. அஞ்சாவதுல மூச்சு வாங்குது, கிழங்கு மூட்டை மேல உட்கார்ந்துடுறேன். நெட்டையன் தண்ணி கொண்டாந்து கொடுக்கிறான். சத்தத்துக்கு அவன் ஷூவுக்கு எண்ணெய் போடச் சொன்னான். போட்டேன். இப்ப வழுக்குது.

இன்னைக்கு ஒண்ணாம் தேதி. மத்தியானம் எல்லாரும் இருக்கும்போதே தராசுல ஏறினேன். மேஸ்திரி பார்த்து, மேஸ்திரி எழுதி, அவரே கையெழுத்துப் போட்டார். இனிமே என் சீட்டை நான் எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டாங்க, அதையும் சொன்னேன். சரக்குன்னு இருந்த கட்டத்துல அவர் என் பேரை எழுதினார். நூறரை. நீ சீட்டு வேண்டாம்னதால அனுப்பல, என்கிட்டயே வெச்சிருக்கேன்.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. உன் தோழிங்க ரெண்டு பேர்கிட்டயும் நீ எதுவும் சொல்ல வேண்டாம். அது நான் சொல்ல வேண்டியது. பதினெட்டாம் தேதி ஞாயித்துக்கிழமை. முந்தின நாள் பஸ் ஏறினா விடியறதுக்குள்ள அங்க வந்துடுவேன். ஆறு மணிக்குப் பூங்கா வாசல் பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன். அவங்க வந்ததும் உள்ளதைச் சொல்லிடுறேன், உனக்கு எதுவும் தெரியாதுங்கிறதையும் சேர்த்து. நீ வெளிய வர வேண்டாம். என் முகத்தைப் பார்க்க வேண்டாம். சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிடுவேன்.

தம்பி


ஆகஸ்ட் 9

அன்புத் தம்பிக்கு,

இன்னைக்குக் காலையில நானே அவங்க ரெண்டு பேர் வீட்டுக்கும் போனேன். என் தம்பி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம், பதினெட்டாம் தேதி வர்றான்னு மட்டும் சொன்னேன். மிச்சத்தை நீ சொல்லு. அது உன் பாடு. அதுல நான் கை கொடுக்க மாட்டேன்.

ஆனா பெஞ்சுல எல்லாம் உட்கார முடியாது. அவங்க உட்கார்ந்து கேட்கிற ஆளுங்க இல்ல. நடந்துக்கிட்டேதான் சொல்லணும். முதல் சுத்துலயே சொல்லிடு. உன் வழக்கம்போலப் பூனையில ஆரம்பிச்சேன்னா நாலு சுத்து முடிஞ்சுடும், அப்புறம் மூச்சு வாங்கிக்கிட்டு நிப்பே.

நானும் வர்றேன். ஒன்றரை மாசம் நடக்காம முட்டி இன்னும் மோசம், முன்னைவிட மெதுவாத்தான் போவேன். நாலு சுத்துக்காரனுக்கு அது சரியா இருக்கும்.

உன் அக்கா